பங்காளி வீடுகளுக்கு நடுவே பதினான்கு மாதம்

2020 நவம்பர் அமாவாசை இரவு. பிரிஸ்டலில் நான் குடியிருந்த தெரு ஒரு முச்சந்தியில் போய் முடியும். அங்கே புதர் வேலியோரமாக ஒரு அவித்த முட்டை, நாலு பல் பூண்டு, ஒரு துண்டு ரொட்டி மூன்றையும் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன். ஹெகடே என்ற கிரேக்கத் தேவிக்கு, மாதம் முடிகிற இருட்டு இரவில் வைக்கும் படையல் அது. டைப்னான் என்று பெயர். கி.மு. 388இல் ஏதென்ஸில் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் நாடகம் ஒன்றில், பணக்காரர்கள் மாதாமாதம் ஹெகடேக்கு வைக்கிற சாப்பாட்டை ஏழைகள் தூக்கிக்கொண்டு போய்விடுவதாக ஒரு பேச்சு வரும். அவ்வளவு பழைய வழக்கம். மறுநாள் அம்மாவிடம் போனில் சொன்னேன், திட்டுவாள் என்று பயந்துகொண்டே. அம்மா திட்டவில்லை. "ஏண்டி, முச்சந்தில திருஷ்டி கழிச்சுப் போட்டுட்டு வரும்போது உங்க தாத்தாவும் திரும்பிப் பாக்காதேன்னுதானே சொல்வார்? இதுல புதுசா என்ன இருக்கு?" என்றாள்.

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆறுதல்தான் பின்னால் என்னைத் தடம் மாற வைத்தது. எல்லாம் ஒன்றுதான், எங்கே எதைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்துவிட்டேன். அடுத்த ஒரு வருடத்தில் 735 பவுண்டு போயிற்று. அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 75,000 ரூபாய். அதைவிடப் பெரியது, என்னால் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கஷ்டம். யாராவது முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. ஐரோப்பியப் பழந்தெய்வ வழிபாடு, மேஜிக் என்கிற இந்தப் பக்கம் ஆர்வத்தோடு எட்டிப்பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் செவிலியர். 2020 பிப்ரவரியில் வேலைக்காக பிரிஸ்டல் வந்தேன், மார்ச்சில் ஊரடங்கு. கோவிட் வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து ஒற்றை அறையில் தனியாகப் படுப்பேன். ஆகஸ்டில் கட்டுப்பாடு தளர்ந்தபோது உடன் வேலை பார்த்த ஒருவர் கிளாஸ்டன்பரி என்ற ஊருக்கு அழைத்துப் போனார். டோர் என்கிற அந்தக் குன்றின் மேல், கூரையில்லாத புனித மைக்கேல் கோபுரத்துக்குள் நின்று யாரோ ஒரு பெண் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். அது எந்தத் தெய்வத்துக்கான பாட்டு என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆறு மாதத்தில் முதல் முறையாக அழுதேன். அந்த அக்டோபர் கடைசியில், சௌவன் என்று பேகன்கள், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களை வணங்குபவர்கள், கொண்டாடும் பண்டிகைச் சமயத்தில், டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் மூன்று குழுக்களில் சேர்ந்தேன். ஒன்று பழைய கிரேக்கத் தெய்வங்களை வணங்குபவர்களுடையது. இன்னொன்று, இங்கிலாந்தில் தோன்றிய நவீனச் சூனிய வழியான விக்கா உள்ளிட்ட எல்லா பேகன்களுக்கும் பொதுவானது. மூன்றாவது, கடைசியில் 'கே' எழுத்துச் சேர்த்து எழுதுகிற மேஜிக்காரர்களுடையது. மேடையில் முயல் எடுக்கிற வித்தையிலிருந்து தங்கள் வித்தையைப் பிரித்துக் காட்ட ஆங்கிலேய மந்திரவாதி அலெஸ்டர் கிரௌலி வழக்கமாக்கிய எழுத்துமுறை அது.

மூன்று இடத்திலும் பாதிப் பேர் அதே ஆட்கள். அதே பட்டப்பெயர், அதே படம். அதனால் ஒரே வீட்டின் மூன்று அறைகள் என்று எடுத்துக்கொண்டேன். அது தப்பு. அவை பங்காளி வீடுகள். சுவர் பொது, கிணறு பொது, ஆனால் வாசல் வேறு. பழைய மனத்தாங்கல்களும் நிறைய. விக்காவை உலகத்துக்குச் சொன்னவர் ஜெரால்டு கார்ட்னர். இங்கிலாந்தின் 1735ஆம் வருடத்துச் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் தன் புத்தகத்தை வெளியிட்டார். அவர் 1947இல் கிரௌலியைப் போய்ப் பார்த்தவர். அவருடைய ஆரம்பச் சடங்குகளில் கிரௌலியின் வரிகள் அங்கங்கே இருந்தன. 1953இல் அவரிடம் தீட்சை பெற்ற டோரீன் வாலியன்டே அதைக் கண்டுபிடித்து, அந்த வரிகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டுத் தானே புதிதாக எழுதினார். எழுபது வருடத்துக்கு முந்தைய அந்த விஷயம் இன்றும் சூடு ஆறவில்லை. "நீங்கள் செய்வதே எங்களிடமிருந்து வந்ததுதான்" என்று மேஜிக்காரர் சொல்வார், விக்கா பெண்மணிக்கு முகம் சிவக்கும். கிரேக்க வழிபாட்டுக்காரர்களோ, "எங்களுக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லை, நாங்கள் பழைய கல்வெட்டும் நூலும் பார்த்து நடப்பவர்கள்" என்பார்கள். ஒரு குழுவில் சேர்ந்த முதல் மாதம் வாயைத் திறக்காமல் படியுங்கள் என்று நான் இப்போது சொல்வது இதற்காகத்தான். விதிகளை ஒட்டி வைத்திருப்பார்கள், அதைப் படித்தால் போதாது. எந்தச் சொல்லுக்கு ஆட்கள் மௌனமாகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நான் பார்க்கவில்லை. முதல் வாரமே ஒரே கேள்வியை மூன்று இடத்திலும் போட்டேன்: "ஹெகடேயை எப்படி அழைப்பது?" மூன்று இடத்திலும் பதில் சொன்னவர் ஒருவரே. மூன்றாவது இடத்தில் அவர், "உங்களுக்கு நேற்றே அரை மணி நேரம் செலவழித்து எழுதினேன், அது போதவில்லையா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகக் கேட்டார். இன்னொரு நாள், விஷயம் தெரிந்தவள் மாதிரி இருக்கட்டும் என்று கிரேக்கக் குழுவில் "93" என்று வணக்கம் சொன்னேன். அது கிரௌலியின் தெலெமா வழியைச் சேர்ந்தவர்களின் வணக்கம். தெலெமா, அகாபே என்ற இரண்டு கிரேக்கச் சொற்களுக்கும் எழுத்தெண் கூட்டினால் 93 வரும். கிரேக்க எண்தானே என்று நினைத்தேன். சிவன் கோயில் வாசலில் நின்று "அடியேன் ராமானுஜ தாசன்" என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. தப்பான வார்த்தை இல்லை, இடம் தப்பு. ஒரு பெரியவர் தனியாக எழுதி விளக்கினார். அவருக்கு நான் என்றும் கடன்பட்டவள்.

கிரேக்கக் குழுவில் என் மனம் ஒட்டியதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அவர்கள் கும்பிடும் முன் கை கழுவுவார்கள், அதற்கென்று ஒரு நீர் உண்டு, கெர்னிப்ஸ். பே இலையைக் கொளுத்தி, எரிகிற நுனியைத் தண்ணீரில் அமிழ்த்தி அணைக்க வேண்டும். அந்த நீரில் கையும் முகமும் கழுவிவிட்டுத்தான் பலிபீடத்துக்கு முன் நிற்பது. நான் முதல் நாள் டப்பாவில் இருந்த பிரிஞ்சி இலையை எடுத்தேன். கொளுத்துவதற்கு முன் விளக்கில் பிடித்துப் பார்த்தபோது அதில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடியது. கடையில் வாங்கிய ஐரோப்பிய பே இலையில் நடுவே ஒரே நரம்பு. பெயரில் இரண்டும் ஒன்று, மரம் வேறு. "இலை வேறுதான், ஆனால் மனசு சுத்தம்" என்று எழுதினேன், "அடுத்த முறை சரியான இலை வாங்கிக்கொள்ளுங்கள், இந்த முறை பரவாயில்லை" என்றார்கள். பெரியம்மா பேசுவது மாதிரியே இருந்தது. மரணம், பிரசவம் இதற்கெல்லாம் அவர்களுக்கும் தீட்டு உண்டு, மியாஸ்மா என்பார்கள். எந்த வழிபாட்டிலும் முதல் பங்கு அடுப்படித் தெய்வம் ஹெஸ்டியாவுக்கு. நமக்குப் பிள்ளையார் சுழி மாதிரி.

அதே சமயம் மேஜிக் குழுவில் பென்டகிராம் விலக்குச் சடங்கைக் கற்றுக்கொண்டேன். 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மந்திரச் சங்கத்திலிருந்து வந்தது. கிழக்கு பார்த்து நின்று, நான்கு திசையிலும் காற்றில் ஐந்துமுனை நட்சத்திரம் வரைந்து, எபிரேய இறைநாமங்களை அதிர அதிரச் சொல்லி, முன்னால் ரஃபேல், பின்னால் கேப்ரியல், வலப்பக்கம் மைக்கேல், இடப்பக்கம் ஊரியல் என்று தேவதூதர்களை நிறுத்துவது. மனம் அடங்குவதற்கு அது உண்மையிலேயே உதவியது, அதை மறுக்க மாட்டேன். 2021 ஜனவரியில் ஒரு நாள் ஹெகடேயின் விளக்குக்கு முன்னால் நின்று அதைச் செய்துவிட்டு, எவ்வளவு நன்றாக இருந்தது என்று கிரேக்கக் குழுவில் எழுதினேன். பத்து நிமிடத்தில் சண்டை பற்றிக்கொண்டது. தேவியைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு அவள் எதிரிலேயே "விலகு விலகு" என்று சடங்கு செய்வதா என்றார் ஒருவர். விருந்தாளி கிளம்பியவுடனே வீட்டைப் பெருக்கக் கூடாது என்று நாம் சொல்வோமே, விருந்தாளி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே துடைப்பத்தை எடுத்த மாதிரி அவருக்குப் பட்டிருக்கிறது. இப்போது எனக்கும் அப்படித்தான் படுகிறது. எபிரேய நாமங்கள் யூதர்களுடையவை, அதை இங்கே ஏன் இழுக்கிறாய் என்றார் இன்னொருவர். இரண்டு குழுவிலும் இருந்த மேஜிக்காரர்கள் ஓடிவந்தார்கள். பாபிரஸ் என்கிற நாணல் தாளில் எழுதிய கிரேக்க மந்திர ஏடுகளைப் பார், எகிப்தில் கிடைத்தவை, கி.மு. 2ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 5ஆம் நூற்றாண்டு வரைக்கும் எழுதப்பட்டவை, அதில் ஹெகடேயும் எபிரேய இறைப்பெயரும் ஒரே மூச்சில் வருகிறது, கலப்பது புதிதில்லை என்று வாதம். அதற்குப் பதிலாக, அதே ஏடுகளில் தெய்வத்தை மிரட்டி வேலை வாங்குகிற மந்திரமும் இருக்கிறது, அது பக்தியா என்று எதிர்வாதம்.

மூன்று நாள் நடந்தது. எனக்கு அதில் புரிந்ததைச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்குத் தெய்வம் நிஜமாக இருக்கிற ஆள், மரியாதை கொடுத்துப் பழக வேண்டியவர். இன்னொரு பக்கத்தில் பலருக்கு, குறிப்பாக எழுபதுகளில் இங்கிலாந்தில் உருவான கேயாஸ் மேஜிக் வழியில் போகிறவர்களுக்கு, நம்பிக்கை ஒரு கருவி. இந்த வாரம் ஒரு தெய்வம், அடுத்த வாரம் இன்னொன்று, பலன் கிடைக்கிறதா என்று பார்ப்பது. இரண்டும் நேர்மையான நிலைதான். ஆனால் முதல் வீட்டில் போய் "தேவியெல்லாம் நம் மனசின் வடிவம்தானே" என்று சொன்னால், பெற்ற தாயைப் பற்றி யாரோ அலட்சியமாகப் பேசியது போல் இருக்கும். இரண்டாவது வீட்டில் போய் "தீட்டோடு செய்யாதே, தேவி கோபிப்பாள்" என்றால், உபதேசம் செய்ய வந்துவிட்டாள் என்பார்கள். ஆகவே ஓரிடத்தில் அனுபவத்தைச் சொல்லும் முன் இது எந்த வழியில் செய்தது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். நூலில் இல்லாத, உங்களுக்கு மட்டும் பட்ட விஷயம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் யூபிஜி என்று சுருக்கமாகக் குறிப்பிடுவார்கள், சரிபார்க்கப்படாத சொந்த அனுபவம் என்று அர்த்தம். அந்த மூன்று எழுத்தைப் போட்டிருந்தால் நான் பட்ட வசவில் பாதி குறைந்திருக்கும்.

பணம் போனது இதற்குப் பிறகு. சண்டை நடந்த நான்காம் நாள் ஒருவர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். இரண்டு குழுவிலும் மரியாதையாகப் பேசுகிற ஆள். "உங்களுக்காகக் கவலைப்படுகிறேன். தேவி கோபமாக இருக்கிறாள். உங்கள் மேல் ஏதோ ஒட்டியிருக்கிறது" என்று எழுதினார். அந்த வாரம் வார்டில் இரண்டு பேரை இழந்திருந்தோம். எனக்குத் தூக்கமே இல்லை. அந்த நிலையில் ஒட்டியிருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பியிருப்பேன். முதலில் சீட்டு விரித்துக் குறி பார்க்க 40 பவுண்டு. அதில் சாபம் தெரிந்ததாம், கழிக்க 180. அதற்கு மெழுகுவர்த்தி, மூலிகை என்று 65. பிறகு திரும்ப வராமல் இருக்க மாதம் 150 வீதம் மூன்று மாதம் பாடம். பாடம் என்று வந்தது மூன்று பிடிஎஃப், அவற்றில் இரண்டு எனக்கு இலவசமாகவே வேறு இடத்தில் கிடைத்தவை. "குழுவில் யாரிடமும் சொல்லாதீர்கள், அவர்களுடைய ஆற்றல் குறுக்கே வரும்" என்று அவர் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தேன். ஜூலையில் நாலாவது மாதத்துக்கும் கேட்டபோதுதான் பயந்து பயந்து அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அவராக வந்து எழுதினாரா, நீங்களாகப் போய்க் கேட்டீர்களா?"

அந்தக் கேள்வியை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு பார்ப்பவர்களில் காசு வாங்குகிறவர்கள் உண்டு, அதில் தப்பில்லை, உழைப்புக்குக் கூலி. ஆனால் ஒழுங்கானவர் யாரும் முன்பின் தெரியாத ஆளுக்குத் தானாகச் செய்தி அனுப்பி "உனக்குச் சாபம்" என்று சொல்ல மாட்டார். எந்த வழியாக இருந்தாலும் இதில் எல்லாக் குழுக்களும் ஒத்துப்போகின்றன. அவசரப்படுத்துவது, வெளியே சொல்லாதே என்பது, ஒவ்வொரு கட்டத்திலும் தொகை ஏறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலே நிறுத்திவிடுங்கள். பணத்தைச் செயலியில் 'நண்பர், குடும்பத்தார்' என்கிற வகையில் அனுப்பச் சொன்னார், கட்டணம் மிச்சம் என்று. அப்படி அனுப்பினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது, நானாக விரும்பி அனுப்பியதாகத்தான் கணக்கு. ஒரு பென்னிகூடத் திரும்பவில்லை. ஆவியோடு பேசுவதாக ஏமாற்றும் போலி மீடியம்களைத் தண்டிக்க 1951இல் இங்கே தனிச் சட்டம் வந்தது, 2008இல் அதை எடுத்துவிட்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின் கீழ் கொண்டுவந்தார்கள். எனக்கு அந்த ஆளின் உண்மைப் பெயரோ நாடோ தெரியாது, யார் மேல் புகார் கொடுப்பது? மூன்று குழுவின் மாடரேட்டர்களிடமும் உரையாடலைக் காட்டினேன். அன்றே நீக்கினார்கள். எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர் ஏமாந்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. எல்லோரும் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

செப்டம்பரில் வேறு விதமாக ஒரு சிக்கல். நான் தமிழச்சி என்று தெரிந்ததும் காளியைப் பற்றி எல்லோரும் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். கிளாஸ்டன்பரிக் கடைகளில் காளி சிலை விற்கிறது, வீட்டில் வைத்துக் கும்பிடுகிற வெள்ளைக்காரர்கள் உண்டு, பக்தியோடு கும்பிடுகிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் காளி இல்லை. எங்களுக்கு அங்காளம்மன், அதுவும் வருடத்துக்கு ஒரு முறை மாசி மாதத்தில். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பல மாதமாகக் கற்றுக்குட்டியாகவே இருந்தவளுக்கு, மரியாதையோடு யாராவது கேட்டால் மனம் மயங்கிவிடுகிறது. பெரியப்பா குரு ஒருவரிடம் உபதேசம் வாங்கிய ஒரு மந்திரம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். சின்ன வயதில் கதவுக்கு வெளியே நின்று கேட்டது. அதை மேஜிக் குழுவில் எழுதிவிட்டேன். ஒரே வாரத்தில் அதை 108 முறை சொல்லி வேலை கிடைக்க வைக்கலாமா என்று ஒருவர் சோதனை போட ஆரம்பித்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நீக்கிவிட்டேன், ஆனால் பலரும் பிரதி எடுத்திருந்தார்கள்.

"எல்லாம் மனிதகுலத்துக்குப் பொது" என்று அங்கே ஒருவர் வாதாடினார். ஒரு பொருத்தம் சொல்ல வேண்டும். 1901இல் கிரௌலி கொழும்புக்கு வந்தார், தன் குருவைப் போன்ற ஆலன் பென்னட்டைத் தேடி. பென்னட் அப்போது சர் பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்துகொண்டு, அந்தச் சைவத் தமிழரிடம் யோகம் கற்றுக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் கண்டியில் தங்கிப் பயிற்சி செய்தார்கள். ஆக, மேற்கத்திய மேஜிக்கில் இருக்கிற யோகத்தில் ஒரு இழை நம் வீட்டிலிருந்து போனது. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இராமநாதன் தானறிந்ததைத் தன் வாயால் கொடுத்தார். நான் கொடுத்தது பெரியப்பாவுடையது. கார்ட்னர் வழி விக்காவில் தீட்சை பெற்றவர்கள் தங்கள் கையெழுத்துச் சடங்கு நூலை வெளியே காட்ட மாட்டார்கள், சத்தியம் செய்திருப்பார்கள். "பெரிய ரகசியமாக்கும்" என்று அவர்களைப் பற்றி நான் பேசியிருக்கிறேன். உபதேச மந்திரம் என்றால் என்ன என்று தெரிந்த ஊரில் பிறந்தவள், அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

அதற்குப் பிறகாவது திருந்தியிருக்கலாம். நவம்பரில் செய்தது எல்லாவற்றையும்விட மோசம்.

கிரேக்கக் குழுவில் உறுப்பினர்களுக்கு மட்டும் திறக்கிற ஒரு அறை உண்டு. அங்கே ஒரு பெண், இங்கிலாந்தின் வடக்கே சின்ன ஊரில் பள்ளி உதவியாசிரியை, ஹெகடேக்குத் தான் எழுதிய துதி ஒன்றைப் போட்டிருந்தார். நாங்கள் இருவரும் பல இரவுகள் பேசியிருக்கிறோம், இரவுப் பணி முடிந்து வந்தால் அவர்தான் "சாப்பிட்டாயா?" என்று கேட்பார். அந்தத் துதி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஆயிரக்கணக்கானோர் இருந்த மேஜிக் குழுவில் போட்டு, இதைச் சிகிலாக மாற்றலாமா என்று கேட்டேன். ஆசையை ஒரு வாக்கியமாக எழுதி, அதன் எழுத்துகளைப் பின்னி ஒரு குறியாக வரைவது சிகில். ஆஸ்டின் ஆஸ்மான் ஸ்பேர் என்ற ஓவியர் வகுத்த முறை. அழகானது என்று நினைத்துத்தான் செய்தேன். படத்தில் அவர் பட்டப்பெயர் அப்படியே இருந்தது. கீழே அவர் வீட்டு ஜன்னல் மேடையில் வைத்த பலிபீடத்தின் போட்டோவும் பாதி வந்திருந்தது: ஒரு சாவி, கறுப்பு மெழுகுவர்த்தி, மாதுளம்பழத் துண்டு. ஜன்னல் கொண்டியில் பள்ளி அடையாள அட்டையின் நீலப் பட்டை தொங்கியது. அதில் வெள்ளை எழுத்தில் பள்ளியின் பெயர். நான் அதைக் கவனிக்கவே இல்லை. யாரோ பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

நாலே நாளில் அது அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. யார் அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. அவர் வீட்டிலோ பள்ளியிலோ யாரிடமும் தன் வழிபாட்டைச் சொன்னவர் இல்லை. 'துடைப்ப அலமாரிக்குள் இருப்பது' என்று அவர்கள் சொல்வார்கள், இப்படி மறைவாக இருப்பதை. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 74,000 பேர் பேகன் என்றும் 13,000 பேர் விக்கா என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் சின்ன ஊரில் ஒரு ஆசிரியைக்கு இது சுலபமில்லை. அவர் வேலை போகவில்லை. மத நம்பிக்கைக்காக ஒருவரை வேலையில் ஒதுக்கக் கூடாது என்று 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் இருக்கிறது. ஆனால் பிள்ளையைக் கூட்டிப்போகப் பள்ளி வாசலில் நிற்கிற பெற்றோர் பார்க்கிற பார்வைக்கு எந்தச் சட்டம் இருக்கிறது? கிறிஸ்துமஸ் விடுமுறையோடு அவரே விலகிவிட்டார். எனக்கு அவர் எழுதியது ஒரே வரி: "அது என் அம்மா இறந்தபோது எழுதியது."

திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ராமானுஜர் எல்லோருக்கும் மந்திரத்தைச் சொன்ன கதையை அந்த நாட்களில் பலமுறை நினைத்தேன், எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள. சமாதானம் கிடைக்கவில்லை. அவர் தானே நரகம் போகத் தயாராகி ஏறினார். நான் ஏறின கோபுரத்திலிருந்து விழுந்தது இன்னொருத்தி.

மன்னிப்புக் கேட்பதிலும் தப்புச் செய்தேன். குழுவின் பொது அறையில் நீளமாக, என் தனிமை, என் வேலை, என் நல்ல எண்ணம் எல்லாவற்றையும் எழுதி அவர் பெயரைக் குறிப்பிட்டுப் போட்டேன். மாடரேட்டர் உடனே எடுத்துவிட்டு, "இப்போது அவரை இரண்டாவது முறை தெருவில் நிறுத்துகிறீர்கள்" என்று எழுதினார். பிறகு மாடரேட்டர் சொல்லித்தந்தபடி செய்தேன். தனியாக, சுருக்கமாக: நான் என்ன செய்தேன், எங்கெங்கே நீக்க வைத்தேன், எங்கே நீக்க முடியவில்லை, இனி அவர் கேட்டால் ஒழிய எழுத மாட்டேன். "மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்" என்று கேட்கவில்லை. மேஜிக் குழுவின் அட்மினிடம் சொன்னபோது இருபது நிமிடத்தில் எல்லாப் பிரதியையும் நீக்கி, மேலும் பரப்பிய இருவரை வெளியேற்றினார் என்பதையும் எழுத வேண்டும். அந்த வீட்டில் ஒழுக்கம் இல்லை என்று நான் நினைத்திருந்தது பொய்.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால், எழுதியவரிடம் "இதை இந்த இடத்தில், இந்த ஆட்களுக்குக் காட்டலாமா" என்று இடத்தின் பெயரோடு கேளுங்கள், பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். ஒரு குழுவில் ஒருவரை வேறு பெயரில் தெரியும் என்றால் அந்தப் பெயரை இங்கே சொல்லாதீர்கள். உங்கள் பூஜை இடத்தைப் போட்டோ எடுத்தால் ஜன்னல், கடித உறை, அடையாள அட்டை, கண்ணாடியில் தெரியும் முகம் இவற்றை முதலில் பாருங்கள். ஒரு வீட்டுச் சண்டையை இன்னொரு வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள், அது கோள் என்று நம் பாட்டிமார் சொன்னதுதான். துக்கத்தில் இருக்கும்போது பெரிய முடிவு எதுவும், பணம் கொடுப்பது உட்பட, வேண்டாம். ஊரில் யாராவது ஒருவருக்காவது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்திருக்கட்டும். எனக்கு அம்மா இருந்தாள், ஆனால் சாபத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 40 பவுண்டோடு நின்றிருக்கும் என்று இப்போது அவளே சொல்கிறாள்.

2021 டிசம்பரில் மூன்று குழுவிலிருந்தும் வெளியேறினேன். அந்தப் பெரியவரோடு மட்டும் கடிதத் தொடர்பு உண்டு. பெரியப்பாவிடம் ஊருக்குப் போனபோது மந்திர விஷயத்தைச் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிமே கதவுக்கு வெளியே நிக்காதே, உள்ளே வந்து கேளு" என்றார். அமாவாசைப் படையலை நான் விடவில்லை. முட்டையும் பூண்டும் எடுத்துக்கொண்டு முச்சந்திக்குப் போவேன். அந்தத் துதியில் ஒரு வரி எனக்கு மனப்பாடமாக இருக்கிறது, அங்கே நிற்கும்போது அது தானாக நாக்குக்கு வந்துவிடும். சொல்வதில்லை. அவரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.